ஒரு நாட்டோட சாஃப்ட் பவரை நாமளே அலசிப் பாக்கறது எப்படி? கொரியாவை வெச்சு ஒரு கைடு

சாஃப்ட் பவர் பத்தி எழுதச் சொன்னா நம்மாளுங்க பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கறாங்க. பிடிஎஸ் பாட்டுக்குழு, பாரசைட் படம், ஸ்க்விட் கேம் சீரியல், அப்புறம் "கொரியா கவர்மென்ட் ப்ளான் போட்டு உலகத்தையே பிடிச்சிருச்சு"ன்னு ஒரு வரி, அவ்ளோதான். யூபிஎஸ்சி கட்டுரைக்கு படிக்கறவங்களா இருந்தாலும் சரி, காலேஜ் செமினாருக்கு தேடறவங்களா இருந்தாலும் சரி, சும்மா கே-டிராமா பாத்துட்டு ஆர்வத்துல உள்ள வந்தவங்களா இருந்தாலும் சரி, அந்த வரியோட நின்னுட்டா விஷயம் பாதிகூட கைக்கு வராது. ஒரு நாட்டோட கலாச்சாரம் எது வரைக்கும் வெறும் பொழுதுபோக்கு, எந்த இடத்துல அது அந்த நாட்டுக்கு பலமா மாறுது, இதை நாமளே எப்படி தோண்டிப் பாக்கறதுன்னு தென் கொரியாவை வெச்சு சொல்றேன். இதே கேள்விகளை ஜப்பான், துருக்கி, பிரான்ஸ்னு எங்க வேணும்னாலும் போட்டுப் பாக்கலாம்.

அடிப்படை மட்டும் சுருக்கமா. இந்த சாஃப்ட் பவர்ங்கற கருத்தை 1990-ல கொண்டு வந்தவர் ஜோசஃப் நைங்கற அமெரிக்க பேராசிரியர். மிரட்டாம, காசும் குடுக்காம, அடுத்தவங்களாவே விரும்பி நம்ம பக்கம் வர்ற மாதிரி செய்யற சக்தி. அது மூணு இடத்துல இருந்து வருதுன்னு அவர் சொன்னார், ஒரு நாட்டோட கலாச்சாரம், அது நம்பற அரசியல் மதிப்பீடுகள், அதோட வெளியுறவுக் கொள்கை. பாட்டையும் படத்தையும் மட்டும் தனியா பிச்சு எடுத்து வெச்சுக்கிட்டு மத்த ரெண்டையும் மறந்துடறதுதான் அதிகமா நடக்கற தப்பு, கடைசி வரைக்கும் இந்த மூணும் ஞாபகத்துல இருக்கட்டும்.

மொதல் வேலை: ஹிட் ஆன வருஷத்துல ஆரம்பிக்காதீங்க

எல்லாரும் 2012-ல வந்த கங்னம் ஸ்டைல் பாட்டுல ஆரம்பிப்பாங்க. யூட்யூப்ல மொதல் முறையா நூறு கோடி வியூஸ் தாண்டின வீடியோ அதுதான், சரி. ஆனா நீங்க ஒரு பேப்பர் எடுத்து ஹிட் ஆன வருஷத்துல இருந்து இருபது இருபத்தஞ்சு வருஷம் பின்னாடி போய் கோடு போடுங்க. கொரியாவுக்கு அப்படிப் போட்டா மொதல் புள்ளி 1987. ராணுவ ஆட்சிக்கு எதிரா மக்கள் தெருவுக்கு வந்து, அதிபரை நேரடியா ஓட்டு போட்டு தேர்ந்தெடுக்கற உரிமையை வாங்கின வருஷம். அடுத்தது 1996. பாட்டு, படம் எல்லாத்தையும் வெளியிடறதுக்கு முன்னாடியே கவர்மென்ட் பாத்து வெட்டற முறை அந்த வருஷத்தோட முடிவுக்கு வந்துச்சு, படங்களை முன்கூட்டி தணிக்கை பண்றது சட்டவிரோதம்னு அவங்க அரசியல் சாசன கோர்ட்டே தீர்ப்பு சொல்லிருச்சு. பூசான் திரைப்பட விழா ஆரம்பிச்சதும் அதே வருஷம்தான். இன்னைக்கு நாம ரசிக்கற கொரியன் டைரக்டர்கள்ல பல பேர் இதுக்கு அப்புறம்தான் முதல் படத்தை எடுக்கறாங்க. சென்சார் கத்திரி போனதுக்கும் படம் நல்லா வந்ததுக்கும் சம்பந்தம் இருக்குன்னு நான் உறுதியா நம்பறேன், இதை யாரும் முன்னாடி வெச்சு எழுதறதில்லைங்கறதுதான் வருத்தம்.

இதுக்கு நடுவுல 1994-ல ஒரு சம்பவம். அதிபரோட அறிவியல் ஆலோசனைக் குழு ஒரு ரிப்போர்ட் குடுக்குது, ஜுராசிக் பார்க்ங்கற ஒரே ஒரு படம் சம்பாதிச்ச பணம் 15 லட்சம் ஹூண்டாய் காரை ஏற்றுமதி பண்றதுக்கு சமம்னு. காரும் கப்பலும் செஞ்சு முன்னேறின நாடு அது, அவங்களுக்கு புரியற கணக்குலயே சொன்னாங்க பாருங்க, அதான் சட்டுனு மண்டையில ஏறுச்சு. அப்புறம் 1997 கடைசியில ஆசிய பொருளாதார நெருக்கடி, ஐஎம்எஃப் கிட்ட கடனுக்கு கை நீட்ட வேண்டிய நிலைமை. 1998-ல கிம் டே-ஜுங் அதிபரா வந்து கலாச்சாரத் தொழிலை நாட்டோட பெரிய தொழில்கள்ல ஒண்ணா அறிவிக்கறார், 1999-ல அதுக்குன்னே தனிச் சட்டம் வருது. அதே 1998-ல, காலனி ஆட்சிக் கசப்புனால அது வரைக்கும் தடையில இருந்த ஜப்பான் பாட்டு, படம், காமிக்ஸை எல்லாம் படிப்படியா உள்ள விடறார். உள்ளூர் ஆளுங்க அழிஞ்சுடுவாங்கன்னு பயந்தவங்க நெறைய பேர், ஆனா நடந்தது நேர்மாறு, போட்டி வந்ததும் இவங்க தரம்தான் ஏறுச்சு.

இந்தக் கோட்டை ஒருதடவை போட்டுட்டீங்கன்னா "திடீர்னு வந்த அலை"ங்கற பேச்சு உங்க கட்டுரையில வரவே வராது.

அடுத்து: கவர்மென்ட் கை எது, மத்தவங்க கை எதுன்னு பிரிங்க

பேப்பரை நடுவுல கோடு போட்டு ரெண்டு பத்தியா பிரிச்சுக்கோங்க. ஒரு பக்கம் கவர்மென்ட் செஞ்சது, இன்னொரு பக்கம் கம்பெனிகளும் கலைஞர்களும் ரசிகர்களும் செஞ்சது. கே-பாப் ட்ரெயினிங் முறையை உருவாக்கினது எஸ்எம், ஒய்ஜி, ஜேஒய்பி மாதிரி தனியார் கம்பெனிகள், அதுல எந்த மந்திரியும் கிடையாது. பிடிஎஸ் வந்தது அப்ப ரொம்ப சின்னதா இருந்த ஒரு கம்பெனியில இருந்து, அவங்களைத் தூக்கி விட்டது ராத்திரி முழுக்க உக்காந்து சப்டைட்டில் போட்ட ரசிகர்கள். சினிமாவுல பெரிய பணம் போட்டது சிஜே குழுமம். அப்ப கவர்மென்ட் என்னதான் செஞ்சுதுன்னா, கண்ணுக்கு அவ்வளவா தெரியாத வேலைகள். தியேட்டர்கள் வருஷத்துல 146 நாள் கொரியன் படம் போட்டே ஆகணும்னு ஒரு விதி வெச்சிருந்தாங்க (2006-ல அமெரிக்காவோட வர்த்தகப் பேச்சுவார்த்தை சமயத்துல அது 73 நாளா குறைஞ்சுது, நடிகர்கள் தெருவுல எறங்கி போராடினாங்க). சினிமா கத்துக்கறதுக்கு அரசு அகாடமி நடத்தினாங்க, பாரசைட் எடுத்த போங் ஜூன்-ஹோ அங்க படிச்சவர்தான். நாடு பூரா வேகமான இன்டர்நெட் போட்டாங்க. கொரிய இலக்கியத்தை வேற மொழிகளுக்கு கொண்டு போறதுக்குன்னே ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்தை வருஷக்கணக்கா காசு குடுத்து நடத்தறாங்க. மொழிபெயர்ப்பாளருக்கு ஒழுங்கா கூலி குடுக்கற நாடு எதுன்னு பாருங்க, பரிசு வர்ற நாடும் பெரும்பாலும் அதுவாத்தான் இருக்கும். எழுத்தாளர் ஹான் காங்குக்கு 2016-ல மேன் புக்கர் சர்வதேசப் பரிசும் 2024-ல நோபலும் வந்ததுல இந்த அமைதியான வேலைக்கு பங்கு உண்டு.

கிம் டே-ஜுங் காலத்துல அடிக்கடி சொன்ன ஒரு கொள்கை, உதவி பண்ணு, தலையிடாதே. சொல்றது சுலபம், கடைபிடிக்கறதுதான் கஷ்டம். அதனாலதான் இந்த ரெண்டு பத்தி பேப்பர்ல மூணாவதா ஒரு பத்தியும் வேணும்னு சொல்வேன்: கவர்மென்ட் எப்பல்லாம் கலைஞர்கள் கழுத்தைப் பிடிச்சுது? பின்னாடி வந்த அதிபர் பாக் குன்-ஹே ஆட்சியில அரசாங்கத்தை விமர்சிச்ச கலைஞர்கள்னு ஒரு ரகசிய கறுப்புப் பட்டியல் போட்டு, அரசு உதவி போகாம தடுத்தாங்க. ஒம்பதாயிரத்துக்கும் மேல பேரு. அதுல போங் ஜூன்-ஹோ இருந்தார், பாரசைட் ஹீரோ சாங் காங்-ஹோ இருந்தார், டைரக்டர் பாக் சான்-வூக் இருந்தார், ஹான் காங்கும் இருந்தாங்க. 2017 ஜனவரியில பதவியில இருக்கும்போதே கலாச்சார மந்திரி கைதானது இந்த விவகாரத்துலதான். இப்ப யோசிங்க, பாரசைட் 2019-ல கான் திரைப்பட விழாவுல பெரிய பரிசும் 2020-ல நாலு ஆஸ்காரும் வாங்கினப்ப எல்லாரும் "கொரியாவோட பெருமை"ன்னு கொண்டாடினாங்க, ஆனா அதுக்கு அஞ்சாறு வருஷம் முன்னாடி அந்த நாட்டு அரசாங்கமே அதோட டைரக்டரை ஒதுக்கப் பாத்துச்சு. ஏற்றத்தாழ்வு, லஞ்சம், போலீஸோட கையாலாகாத்தனம், இதையெல்லாம் மறைக்காம காட்டின படங்கள்தான் அந்த நாட்டுக்கு மரியாதை வாங்கிக் குடுத்துச்சு. நாட்டைப் புகழ்ந்து எடுக்கற விளம்பரப் படத்துக்கு இந்த மரியாதை என்னைக்கும் கிடைச்சதில்ல.

இதையே எதிர்ப்பக்கம் இருந்து பாக்கணும்னா சீன மொழியையும் கலாச்சாரத்தையும் சொல்லிக் குடுக்க சீன அரசு வெளிநாடுகள்ல தொறந்த கன்ஃபூசியஸ் இன்ஸ்டிட்யூட் கதையை படிங்க. 2004-ல மொதல் கிளை தொறந்ததே சியோல்லதான். பணத்துக்கு குறைவே இல்ல, ஆனா திபெத், தைவான் மாதிரி விஷயங்களை அங்க பேச முடியாதுங்கற சந்தேகம் வளர்ந்து, 2014-ல சிகாகோ பல்கலைக்கழகம் அதை மூடுச்சு, 2020-க்குள்ள ஸ்வீடன் தன் நாட்டுல இருந்த எல்லாத்தையும் மூடிருச்சு. அரசாங்கத்தோட கை வெளிய தெரிய ஆரம்பிச்சா ஈர்ப்பு எவ்ளோ சீக்கிரம் காலியாகுதுன்னு இதைவிட நல்ல உதாரணம் இல்ல.

ஒரு ஊரை எடுத்து கிட்டப் போய் பாருங்க

உலகம் பூரா ரசிகர்கள்னு பொதுவா எழுதறதை விட, ஒரே ஒரு இடத்துக்கு அந்தக் கலாச்சாரம் எப்படி போய்ச் சேந்துச்சுன்னு தேடறது ரொம்ப பலன் தரும். என் சிபாரிசு மணிப்பூர். 2000-ல அங்க இருந்த ஒரு ஆயுதக்குழு ஹிந்திப் படம், ஹிந்தி சேனல் எல்லாத்துக்கும் தடை போட்டுச்சு. தியேட்டர்ல படம் இல்ல, கேபிள்ல ஒண்ணும் இல்ல. அந்த வெற்றிடத்துல, வெளிநாட்டுக்காரங்களுக்குன்னு கொரியா நடத்தற அரிராங்ங்கற சேனல் இங்கிலீஷ் சப்டைட்டிலோட வந்துச்சு. அப்புறம் மியான்மர் எல்லையில மோரே வழியா திருட்டு டிவிடி. அம்மா அப்பாவுக்கு குனிஞ்சு வணக்கம் வெக்கற குடும்பக் கதைகள், தங்கள மாதிரியே முகச்சாயல் இருக்கற நடிகர்கள், எல்லாம் சேர்ந்து அங்க பசங்க முடிவெட்டுல இருந்து டிரெஸ் வரைக்கும் மாறிப் போச்சு. இதுக்கு சியோல்ல யாரும் திட்டம் போடல. ஆனா அந்த சேனலை சேட்டிலைட்ல ஏத்தி வெச்சது அரசாங்கக் காசுதான். கதவு தொறந்திருந்தது திட்டத்தால, ஆள் உள்ள வந்தது தற்செயலா. சாஃப்ட் பவர்ல முக்கால்வாசி இப்படித்தான் நடக்குது.

நம்ம ஊர்லயும் இதே மாதிரி தேடலாம். புதுயுகம் டிவியில தமிழ் டப்பிங்ல கொரியன் சீரியல் பாத்த தலைமுறை இங்க இருக்கு, அதுல மாட்டினவங்கதான் பின்னாடி சப்டைட்டில் தேடி ஓடினாங்க. அதுக்கு முன்னாடியே ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில 1998-லயே ஹூண்டாய் கார் வெளிய வந்தாச்சு, அதோட சேர்ந்து கொரியக் குடும்பங்களும் ஹோட்டல்களும் சென்னைக்கு வந்துச்சு. 2006-ல இன்கோ சென்டர்னு இந்திய-கொரிய கலாச்சார மையம் சென்னையில ஆரம்பிச்சாங்க. அதாவது சென்னையைப் பொறுத்தவரை மொதல்ல வந்தது ஃபேக்டரி, அப்புறம் கலாச்சார மையம், அதுக்கப்புறம்தான் சீரியல். ஒவ்வொரு ஊருக்கும் இந்த வரிசை மாறும், அதை எழுதினாலே உங்க கட்டுரை மத்தவங்க கட்டுரை மாதிரி இருக்காது.

சென்னை பேச்சு வந்ததால ஒண்ணு சொல்லிடறேன். கொரியா போன ராணி ஹோ ஹ்வாங்-ஓக் தமிழ்ப்பொண்ணுன்னு வர்ற ஃபார்வர்டை எல்லாம் ஆதாரமா தூக்கிட்டு வராதீங்க. பழைய கொரிய நூல் சொல்றது ஆயுத்தாங்கற ஒரு நாட்டை, அது எதுன்னு ஆராய்ச்சியாளர்களுக்குள்ள முடிவாகல. உங்க வேலைக்கு முக்கியமானது வேற: அந்த நாடு அயோத்திதான்ங்கற நிரூபிக்கப்படாத ஒரு கதையை வெச்சே 2001-ல அயோத்தியில அந்த ராணிக்கு நினைவிடம் வந்துச்சு, 2018-ல கொரிய அதிபரோட மனைவி அங்க வந்தாங்க. ஒரு கதை ராஜதந்திரத்துக்கு எப்படி பயன்படுதுங்கறதுக்கு அது நல்ல ஆதாரம், வரலாற்றுக்கு இல்ல.

பிடிச்சிருக்குங்கறது காரியமா மாறுச்சான்னு கேளுங்க

இதுதான் ரொம்ப முக்கியமான படி, அதிகம் பேர் விட்டுட்டு போறதும் இதைத்தான். ரசிகர் கூட்டம் இருக்குங்கறது வேற, அதனால அந்த நாட்டுக்கு ஏதாவது கிடைச்சுதாங்கறது வேற. கிடைச்சதுக்கு அடையாளம் தேடணும்னா மொழியில ஆரம்பிங்க. கொரியன் சொல்லிக் குடுக்கற கிங் செஜோங் இன்ஸ்டிட்யூட் 2007-ல மூணு நாட்டுல ஆரம்பிச்சது, இன்னைக்கு 80-க்கும் மேல நாடுகள்ல இருக்கு. நம்ம 2020 தேசிய கல்விக் கொள்கையில பள்ளிக்கூடத்துல கத்துக்கலாம்னு சொன்ன வெளிநாட்டு மொழிகள்ல கொரியன் இடம் பிடிச்சுது, 2019 வரைவுல இருந்த சீன மொழி கடைசி அறிக்கையில காணாமப் போச்சு. ஒரு அரசாங்க ஆவணத்துல ஒரு மொழி உள்ள வந்ததும் இன்னொண்ணு வெளிய போனதும், இந்த மாதிரி தடயம்தான் உங்களுக்கு வேணும். ஜப்பான்ல 2003, 2004 வாக்குல விண்டர் சொனாட்டா சீரியலுக்கு நடுவயசுப் பெண்கள் மத்தியில கிடைச்ச வரவேற்பும் அப்படித்தான், அதுல வர்ற நாமி தீவுக்கு பஸ் பஸ்ஸா போனாங்க, காலங்காலமா கொரியாவை கீழா பாத்த ஒரு சமூகத்துல அது சின்ன மாற்றம் இல்ல.

அதே கையோட, கிடைக்காத இடத்தையும் தேடணும். 2016-ல அமெரிக்காவோட தாட் ஏவுகணைத் தடுப்பு சிஸ்டத்தை வெக்க கொரியா ஒத்துக்கிட்டதும் சீனா கோவப்பட்டுச்சு. கொரியன் சீரியல், கச்சேரி எல்லாம் சத்தமில்லாம நின்னுச்சு, அந்த சிஸ்டத்துக்கு இடம் குடுத்த லாட்டேங்கற கொரியக் கம்பெனியோட சீனக் கடைகள்ல பெரும்பாலானதை தீயணைப்பு விதி அது இதுன்னு சொல்லி மூட வெச்சாங்க, 2017-ல குரூப் டூரையும் நிறுத்திட்டாங்க. 2016-ல 80 லட்சத்துக்கு மேல வந்த சீனச் சுற்றுலாப் பயணிங்க அடுத்த வருஷம் கிட்டத்தட்ட பாதியாயிட்டாங்க. கோடிக்கணக்கான சீன ரசிகர்கள் இருந்தும் ஒண்ணும் பண்ண முடியல. 2019-ல ஜப்பானோட சண்டை வந்தப்பவும் அப்படித்தான், செமிகண்டக்டர் செய்யத் தேவையான மூணு பொருளுக்கு ஜப்பான் கட்டுப்பாடு போட்டுச்சு, கொரியாவுல ஜப்பான் பீரையும் துணியையும் புறக்கணிச்சாங்க, ஆனா டோக்கியோ ஷின்-ஓகுபோ தெருவுல கே-பாப் கடைகள்ல கூட்டம் அப்படியேதான் இருந்துச்சு. மக்கள் மனசு ஒரு பாதையில போகும், அரசாங்க முடிவு இன்னொரு பாதையில போகும். கலாச்சாரம் சண்டையை நிறுத்தாது, சண்டை முடிஞ்சப்புறம் திரும்பப் பேசறதுக்கு ஒரு வழியை மிச்சம் வெக்கும், என் கணிப்பு அவ்ளோதான்.

காசும் நம்பரும்

இது சுருக்கமா. கொரிய கலாச்சார ஏற்றுமதின்னு 2022-க்கு ஏறக்குறைய 1,320 கோடி டாலர் காட்டுவாங்க, அதைப் பாத்துட்டு எல்லாம் பிடிஎஸ்ஸும் சீரியலும்தான்னு எழுதிடாதீங்க, அதுல மூணுல ரெண்டு பங்கு வீடியோ கேம்ஸ். ஸ்க்விட் கேம் உலகம் பூரா ஓடுச்சு, உரிமை நெட்ஃபிளிக்ஸ் கிட்ட, லாபமும் பெரும்பாலும் அங்கதான். 2025-ல ஓடின கே-பாப் டீமன் ஹன்டர்ஸ் தயாரிச்சது சோனியோட அமெரிக்க அனிமேஷன் ஸ்டூடியோ, ஆனா அதைப் பாத்துட்டு கூட்டம் போனது சியோல் தேசிய அருங்காட்சியகத்துக்கு. பேரு ஒருத்தருக்கு, பணம் இன்னொருத்தருக்குன்னு பிரியும், ரெண்டையும் தனித்தனியா எழுதுங்க.

சாஃப்ட் பவர் ரேங்கிங்கை நம்பி கட்டுரை கட்டாதீங்க. ஏறக்குறைய ஒரே சமயத்துல மோனோக்கிள் பத்திரிகை கொரியாவை ரெண்டாவது இடத்துல வெச்சுது, பிராண்ட் ஃபைனான்ஸ் பட்டியல்ல முதல் பத்துக்குள்ளயே இல்ல. எதை அளக்கறாங்கங்கறது மாறினா விடையும் மாறிடும். 22 கோடி ஹல்யு (கொரிய அலை) ரசிகர்கள்னு ஒரு கணக்கு சுத்துது, அது ரசிகர் மன்ற மெம்பர்ஷிப்பைக் கூட்டினது, ஒரே ஆளு நாலு மன்றத்துல இருந்தா நாலு தடவை வரலாம். அதுக்குப் பதிலா கோஃபிஸ்ங்கற கொரிய கலாச்சாரப் பரிமாற்ற அமைப்பு வருஷா வருஷம் பல நாடுகள்ல எடுக்கற சர்வேயைப் பாருங்க, இந்தியாவும் அதுல உண்டு. அதுல பிடிச்ச காரணத்தை விட பிடிக்கலைன்னு சொன்னவங்க காரணத்தை மொதல்ல படிங்க, அளவுக்கு மீறிய வணிகத்தனம்னு சொல்றவங்க, ஐடல்களை (கே-பாப் நட்சத்திரங்களை) நடத்தற விதத்தைப் பத்தி வருத்தப்படறவங்கன்னு நெறைய விஷயம் கிடைக்கும்.

வீட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு பாக்காம முடிக்காதீங்க

2024 டிசம்பர் 3 ராத்திரி அதிபர் யூன் சுக்-யோல் டிவியில வந்து ராணுவச் சட்டம்னு அறிவிச்சார். அடுத்த சில மணி நேரத்துல எம்பிக்கள் சுவரேறிக் குதிச்சு பார்லிமென்ட் உள்ள போய், 190 பேர் ஓட்டு போட்டு அதை ரத்து பண்ணாங்க. அதுக்கப்புறம் வந்த நாள்கள்ல அந்தக் குளிர்ல தெருவுல நின்னவங்க கையைப் பாருங்க, கச்சேரிக்கு கொண்டு போற கே-பாப் லைட்ஸ்டிக். இளம் பெண்கள்தான் அதிகம், ஒவ்வொரு குழு ரசிகர்களும் தங்களோட கலர் லைட்டைத் தூக்கிட்டு வந்து, 2007-ல வந்த ஒரு பெண்கள் குழுப் பாட்டை போராட்டப் பாட்டா பாடினாங்க. அதே வாரம் ஸ்டாக்ஹோம்ல ஹான் காங் நோபல் வாங்க போயிருந்தாங்க, 1980 குவாங்ஜுல ராணுவம் சொந்த மக்களைச் சுட்டுக் கொன்னதைப் பத்தி நாவல் எழுதினவங்க. 2025 ஏப்ரல் 4-ல கோர்ட் யூனைப் பதவியில இருந்து நீக்குச்சு. ராணுவச் சட்டம்னு கேட்டதும் உலகம் முகம் சுளிச்சுது, மக்கள் அதை முறியடிச்ச விதத்தைப் பாத்து அதே உலகம் மரியாதை குடுத்துச்சு. ஜோசஃப் நை சொன்ன மூணுல ரெண்டாவது, அரசியல் மதிப்பீடு, அது இங்கதான் பாட்டோட வந்து சேருது. உங்க கட்டுரையில ஒரே ஒரு காட்சியை விரிவா எழுத இடம் இருக்குன்னா அந்த லைட்ஸ்டிக் கூட்டத்தை எழுதுங்க.

கடைசியா பயிற்சிக்கு

இந்தக் கேள்விகளை எல்லாம் ஒரு தடவை வேற ஒண்ணு மேல போட்டுப் பாருங்க. நான் சொல்றது ரஜினியோட முத்து. 1998-ல ஜப்பான்ல ரிலீஸ் ஆகி டோக்கியோ ஷிபுயாவுல ஒரு தியேட்டர்ல மாசக்கணக்குல ஓடுச்சு, ரஜினிக்கு இன்னைக்கு வரைக்கும் அங்க ரசிகர்கள் இருக்காங்க. டெல்லியில கலாச்சாரத் தொடர்புக்குன்னே ஐசிசிஆர்ங்கற அரசு அமைப்பு 1950-ல இருந்து இருக்கு. அப்ப படத்தை அங்க கொண்டு போனது யாரு, ஜப்பானிய சப்டைட்டில் எழுதினது யாரு, அதுக்கப்புறம் டோக்கியோவுல தமிழ் கத்துக்கணும்னு நெனச்ச ஒருத்தர் எங்க போயிருக்க முடியும், அடுத்த தமிழ்ப் படம் அங்க போக எத்தனை வருஷம் ஆச்சு, நம்ம பக்கத்துல இருந்து யாராவது அதைப் பிடிச்சு தொடர்ந்தாங்களா? கொரியாவுக்கு போட்ட அதே மூணு பத்தி பேப்பர்ல இதுக்கும் பதில் எழுதி, பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிங்க. எந்தப் பத்தி காலியா இருக்கோ அங்க இருந்து உங்க கட்டுரையை ஆரம்பிங்க.